ரத்தம் சொட்டும் கல்யாண ஃபிளெக்ஸ்

காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு தாயும் மகளும். மடி நிறையக் கல்யாணப் புடவைப் பைகள். மகள் நீட்டிய செல்போனைப் பார்த்ததும், பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி அம்மா கத்தினார்.

“என்னடி இது, ஒன் பேருலேந்து ரத்தம் சொட்டுது?”

“எழுத்தே அப்படித்தாம்மா. பேய்ப்பட போஸ்டர்ல வருமே, அந்த ஃபான்ட். அவரோட ஃபிரண்ட்ஸ் வைக்கிற ஃபிளெக்ஸ்.”

நானும் எட்டிப் பார்த்தேன். பார்க்காமல் எப்படி இருப்பது?

“வாழ்த்துறவனுங்க பேரெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. பொண்ணு மாப்பிள்ளை பேரு மட்டும் கீறி, வெடிச்சு, ஒழுவுது. கடைக்காரன் தப்பா போட்டுட்டானா?”

“நான்தாம்மா இதைப் போடச் சொன்னேன்.”

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “மாப்பிள்ளைக்குத் தெரியுமா?”

“அவரு பேருல சொட்டு பத்தலைன்னு இன்னும் ரெண்டு சேக்கச் சொல்லிருக்காரு.”

“நல்லா சேந்தீங்க ஜோடி! ஒங்க அத்தை ஏற்கெனவே தன் பையனுக்கு ஒன்னைக் கட்டித் தரலைன்னு கடுப்புல இருக்கா. மண்டப வாசல்ல இதைப் பாத்தா, அபசகுனம்னு ஊரையே கூட்டிடுவா.”

“அப்ப மாத்தச் சொல்லவா? மத்தியானம் பிரிண்ட் போயிடும்.”

திருமலைராயன்பட்டினம் நிறுத்தம் வந்தது. பைகளோடு எழுந்த அம்மா, படியில் கால் வைத்தபடி மகளைத் திரும்பிப் பார்த்தார்.

“மாத்த வேணாம். ஒங்க அத்தை போட்டோவையும் போடச் சொல்லு. அந்தப் பெரிய சொட்டுக்கு நேர் கீழ.”