நானும் சர்ப்ரைஸ் ஆயிட்டேன்

பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணிக்கு வந்த காலை பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு பெண்ணும் அவள் அக்கா புருஷனும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே பனி. மலை தெரிவதும் மறைவதுமாக இருந்தது.

"பாவா, நேத்து பொண்ணு பாத்துட்டு கெளம்பறப்ப அந்த மெட்ராஸ்காரரு 'சர்ப்ரைஸ் ஆயிட்டேன்'னு மட்டும் சொன்னாரே. புடிச்சிருக்குன்னா, இல்லன்னா?"

"அதான் நானும் ரோசன பண்ணிகினு வரேன். நெனச்சது ஒண்ணு, பாத்தது ஒண்ணுன்னு அர்த்தம்."

"இன்னா நெனச்சாராம்?"

"அத சொல்லலியேம்மா. இன்னிக்கு பதில் சொல்லி அனுப்பறேன்னாங்க."

அவள் ஜன்னல் கம்பியில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள்.

"நானும் சர்ப்ரைஸ் ஆயிட்டேன் பாவா."

"நீயா! இன்னாத்துக்கு?"

"இந்த மாப்புள்ள வேணாம்னு சொல்லிடணும்னு நெனச்சிகினுதான் காபி எடுத்தாந்தேன். அவுரு டம்ளர வாங்கிகினு, 'நீங்க குடிச்சீங்களா'ன்னு கேட்டாரு."

பாவா சிரித்தார். "அப்ப உன்னுது நல்ல சர்ப்ரைஸு."

"அவுருதும் அப்டியே இருக்கணும்."

பனி விலகி மலை முழுசாகத் தெரிந்தது. அவள் கை கூப்பினாள். பின்சீட்டில் நானும் கூப்பினேன்.