கூட்ஷெட் ரோவர்ஸின் பதினோரு ஆட்டங்கள்

மழைக்காலத்தில் ஜெராக்ஸ் மெஷின் தாளை இரண்டிரண்டாக இழுக்கும். ஈரம்தான் காரணம். கட்டைப் பிரித்து ஒரு தடவை விசிறிவிட்டு வைத்தால் சரியாகிவிடும். நீங்கள் உட்காருங்கள், நாற்காலியைத் துடைத்துவிட்டேன். லீக் அலுவலகத்திலிருந்து ஒருவர் எம்.கே.பி. நகர் வரைக்கும் நேரில் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்த பிறகு உங்களை அலையவிடுவது முறையில்லை. அந்தப் பதிவுப் படிவம் பற்றிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் சங்கமித்ரா. வயது நாற்பத்து நான்கு. கூட்ஷெட் ரோவர்ஸ் கால்பந்துக் கழகத்துக்கு ஐந்து வருஷமாகச் செயலாளர். ரயில்வே கூட்ஷெட்டில் மூட்டை இறக்கியவர்கள் சேர்ந்து ஆரம்பித்த கிளப் இது. அவர்களில் ஒருவர் செய்தித்தாளில் ஏதோ இங்கிலாந்து கிளப்பின் பெயரைப் பார்த்து ‘ரோவர்ஸ்’ என்று வைத்தாராம். பெயர்தான் பெரிது. மாவட்ட லீக்கில் நாங்கள் ஆடியது நான்காம் பிரிவில்.

முன்பு மூன்றாம் பிரிவில் இருந்தோம். அதிலிருந்து எப்படி இறங்கினோம் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கோல்கீப்பர் என் தம்பி செங்குட்டுவன். அம்மா போன பிறகு நான் வளர்த்த பிள்ளை. சீசனின் கடைசி ஆட்டம். டிரா செய்தாலே பிரிவில் தங்கிவிடலாம். இரண்டு நாள் முன்னால் பயிற்சியில் அவனுடைய வலது கட்டைவிரல் பிசகி, கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. முடியாது என்று மாஸ்டர் அன்புமணியிடம் சொன்னான். மாஸ்டர்தான் அன்றும் இன்றும் பயிற்சியாளர். அவர் விரலில் டேப்பைச் சுற்றிவிட்டு, ஆடு என்றார். நான்கு கோல் வாங்கினான். நான் மைதானத்து ஓரத்தில்தான் நின்றிருந்தேன். ஆட்டம் முடிந்ததும் கூட்டத்தில் ஒருவன் மாஸ்டரிடம் வந்து, “கீப்பரு மேட்ச வித்துட்டான், இல்ல?” என்று கேட்டான். விரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே எங்கள் வீட்டுச் சுவரில் ‘வித்துட்டான்’ என்று கரியால் எழுதினார்கள். நான் கழுவினேன், மறுபடி எழுதினார்கள். அவனுக்குப் பேசிவைத்திருந்த பெண்வீட்டார் பதில் சொல்லாமலே விலகிக்கொண்டார்கள். நான்கு மாதம் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்தவன், பிறகு ஒரு கான்ட்ராக்டரோடு வள்ளூர் அனல்மின் நிலையத்துக்குப் போய்ச் சாம்பல் அள்ளும் வேலையில் சேர்ந்தான். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். ஏப்ரலில் அம்பேத்கர் ஜெயந்திக்கு மட்டும் வருவான். மூன்று வருஷம் முன்னால் ஒரு கல்யாண வீட்டில் மாஸ்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல, இவனும் சிரித்துப் பேசியதைப் பார்த்தேன். “அதெல்லாம் அப்பவே வுட்டாச்சுக்கா” என்று என்னிடம் சொன்னான். எனக்காக அப்படிச் சொன்னான். உள்ளே எரிந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியாதா.

செயலாளர் வேலையை நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். விண்ணப்பம், பதிவு, அலுவலகக் கடிதம் எல்லாம் எப்படியும் என் கடையில்தான் டைப் ஆகும். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பழசை மறந்துட்டு வந்தியேம்மா என்றார். நான்கு வருஷம் ஒரு தாளில்கூடத் தப்பு இல்லாமல் செய்தேன். அந்த நான்கு வருஷமும் அணி ஏழாவது, எட்டாவது இடத்தில்தான் வந்தது. அப்படிப்பட்ட அணியிடமிருந்து எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. அதனால் காத்திருந்தேன்.

போன வருஷம் மதி வந்தான்.

புளியந்தோப்பு குடியிருப்புப் பையன், பத்தொன்பது வயது. அம்மா கெங்கம்மா வீட்டுவேலை செய்கிறவள், அப்பா இல்லை. பந்து அவன் காலில் பட்டால் மாஸ்டர் எழுந்து நின்றுவிடுவார். அந்த வருஷம் ஏப்ரலில் திருவொற்றியூர் கிளப் ஒன்றுக்கு மதி கையெழுத்துப் போட்டிருந்தான். பேருக்குத்தான் அது கிளப், ஆட்டம் எதுவும் ஆடுவதில்லை. அவனை விடுவித்ததாக அவர்களே முத்திரை வைத்து விடுவிப்புக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தையும் அங்கே போட்ட பதிவின் நகலையும் அவன் ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்து என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான்.

உங்கள் படிவத்தில் ஒன்பதாவது கேள்வி உங்களுக்கே தெரியும்: இந்த சீசனில் வேறு கிளப்புக்குப் பதிவு செய்ததுண்டா? ஆம் என்று டைப் செய்து கடிதத்தை இணைக்க வேண்டும். நான் இல்லை என்று டைப் செய்தேன். எங்கே கையெழுத்துப் போடணும் என்று மட்டும் அவன் கேட்டான். காட்டினேன். கடிதம் இங்கே, மேஜைக்கு அடியில், தாள்கட்டுகளுக்கு நடுவில் இருந்துவிட்டது. யாராவது புகார் செய்தால் ஒழிய அலுவலகம் இதைச் சரிபார்ப்பதில்லை. புகார் வந்து நிரூபணமானால், அவன் ஆடிய ஒவ்வொரு ஆட்டமும் மூன்றுக்குச் சைபர் என்று தோல்வியாகும். விதிப்புத்தகத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன்.

பிறகு எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். சீசனின் பதினோரு ஆட்டத்திலும் மதி களத்தில் இறங்க வேண்டும். அவன் இல்லாமல் ஜெயித்தால் அந்த ஆட்டம் செல்லுபடியாகும், புள்ளி மிஞ்சிவிடும். ஆகவே அவனை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். ஆட்ட நாளில் என் வீட்டில்தான் சாப்பாடு. நான்கு முட்டை அவித்துவைப்பேன். பூட்ஸ் கிழிந்தபோது நான்தான் தைக்கக் கொடுத்தேன். கெங்கம்மா ஒருநாள் கடைக்கு வந்து, பெத்தவ நான், வளர்க்கிறது நீ என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏழாவது ஆட்டத்தன்று அவனுக்குக் காய்ச்சல். மாஸ்டர் வேண்டாம், வீட்டில் படுக்கட்டும் என்றார். இந்த அளவுக்கு அவர் மாறியிருந்தார் என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் மதியை ஆட்டோவில் டாக்டரிடம் கூட்டிப்போய், மாத்திரை போடவைத்து, மைதானத்துக்குக் கொண்டுவந்தேன். கடைசி பத்து நிமிஷம் இறக்குங்கள், பையன் ஆசைப்படுகிறான் என்று மாஸ்டரிடம் சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினான். ஆட்டத்தாளில் பெயர் ஏறிவிட்டது. பத்து நிமிஷம்தான், அதனால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒன்பது வெற்றி, இரண்டு டிரா, இருபத்தொன்பது புள்ளி. மதி மட்டும் பதினான்கு கோல். பன்னிரண்டு வருஷம் கழித்து ரோவர்ஸ் மூன்றாம் பிரிவுக்கு ஏறியது. மைதானத்திலிருந்து தெரு வரைக்கும் மேளம். மாஸ்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த மனிதர் குழந்தை மாதிரி அழுதார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு பொதுத்துறை நிறுவனம் மதிக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. நான் எல்லோருக்கும் ரோஸ்மில்க் ஊற்றிக் கொடுத்தேன். அவர்கள் முழுதாகச் சந்தோஷப்படட்டும் என்று விட்டுவிட்டேன். நான்காவது நாள்தான் அந்தத் திருவொற்றியூர் பதிவின் நகலை, இரண்டாம் இடத்தில் வந்த கிளப்புக்குப் பெயர் போடாமல் அனுப்பினேன். புகார் செய்யப் பத்து நாள் அவகாசம் உண்டு. அவர்கள் ஆறாவது நாளே செய்துவிட்டார்கள்.

மாஸ்டரும் மதியும் இந்தக் கடைக்குத்தான் ஓடிவந்தார்கள். மதி நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நின்றான்.

“யக்கா, அந்த லட்டர எடு. அத்தக் காமிச்சா முடிஞ்சிடும்.”

“எந்த லெட்டர்டா?”

“ரிலீஸ் லட்டருக்கா. கவர்ல போட்டு உன்னாண்ட குட்த்தேனே.”

“கவர்ல ஆதார் இருந்தது. மார்க் ஷீட் இருந்தது. போட்டோ ரெண்டு. லெட்டர் இருந்திருந்தா நான் இல்லைன்னு ஏன் அடிக்கப்போறேன்? நல்லா யோசிச்சுப் பாரு.”

அவன் யோசித்தான். என்னைப் பொய் சொல்கிறவளாக நினைக்க அவனுக்கு வரவில்லை. அதனால் வேறு வழியில்லாமல் தன்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தான். அது அவன் முகத்தில் நடந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“குட்த்த மாரிதான் கீதுக்கா,” என்றான் மெதுவாக. “வூட்ல எதுக்கும் தேடிப் பாக்கறேன்.”

மூன்று நாள் தேடினார்கள். கெங்கம்மா பெட்டி, படுக்கை, அரிசி டின் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தாளாம். கடைசியில் குடியிருப்பு நடைபாதையில் எல்லோர் முன்னாலும் துடைப்பத்தால் அவனை அடித்தாளாம். அந்தத் திருவொற்றியூர் கிளப்பைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அது ஜூலையிலேயே கலைந்துவிட்டது. கையெழுத்துப் போட்டவர் கத்தாருக்குப் போய்விட்டார். அதையெல்லாம் நான் முன்கூட்டியே விசாரித்துத்தான் வைத்திருந்தேன்.

தீர்ப்பை நீங்களே டைப் செய்து அனுப்பினீர்கள். பதினோரு ஆட்டமும் தோல்வி, புள்ளி இல்லை, ஐந்தாம் பிரிவுக்கு இறக்கம். பொய்த் தகவல் கொடுத்ததாக மதிக்கு இரண்டு வருஷத் தடை. அன்று சாயங்காலம் விடுவிப்புக் கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அவனுக்கு வரவிருந்த பொதுத்துறை வேலை போய்விட்டது. மதி இப்போது பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில்பெட்டி கழுவுகிறான். போவதற்கு முன்னால் இங்கே வந்து, என்னால உனக்கும் கெட்ட பேருக்கா, மன்னிச்சிடு என்று காலைத் தொட்டான். பரவாயில்லை என்றேன். மன்னித்துவிட்டேன்.

கிளப் ஷெட்டின் சுவரில் அந்த வார்த்தையை எழுதியது நானில்லை. அதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். மாஸ்டர் பணம் வாங்கிக்கொண்டு பதிவில் கோளாறு செய்தார் என்று தெருவே பேசியது. ‘வித்துட்டான்’ என்று எழுதிவிட்டார்கள். ஒரு மத்தியானம் அவர் இங்கே வந்தார். வாசலில் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் காதில் விழும்படிதான் கேட்டார்: “இவுங்க கைல நீயாவது சொல்லும்மா. நான் விக்கல இல்ல?”

நான் தலையைக் குனிந்துகொண்டு தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் என் கையிலிருந்த தாள்களைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். இருபது நாளில் குளியலறையில் விழுந்தார். வலதுகை விளங்கவில்லை, பேச்சும் போய்விட்டது. பேச வேண்டிய நாளில் பேசாதவர். இப்போது நினைத்தாலும் முடியாது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. சந்தோஷம் என்றும் சொல்லமாட்டேன். ஒரு வேலையைச் சரியாக முடித்த நிம்மதி, அவ்வளவுதான்.

இதை ஒருவனிடம் மட்டும் சொன்னேன். யாருக்காகச் செய்தேனோ அவனுக்குத் தெரிய வேண்டாமா? தம்பிக்கு போன் போட்டு, படிவத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டான். பிறகு, “அந்தப் புள்ள இன்னாக்கா பண்ணுச்சு?” என்றான். மதி அதற்கப்புறம் என்ன செய்தான் என்று கேட்பதாக நினைத்து மறுபடி சொல்ல ஆரம்பித்தேன். போன் கட்டாகிவிட்டது. வள்ளூர் பக்கம் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அதற்கப்புறம் நான் போட்டபோதெல்லாம் அவன் எடுக்கவில்லை, ஷிப்டு வேலை. மூன்று ஞாயிற்றுக்கிழமையாக அவன் புளியந்தோப்பில் கெங்கம்மா வீட்டுக்கு வந்துபோகிறான் என்று சொல்கிறார்கள். என் தெரு வழியாகத்தான் போக வேண்டும். நேரமில்லாமல் இருக்கும்.

நீங்கள் இப்போது காட்டுகிற இந்தக் கடிதம் அவன் கையெழுத்துதான். நான் சிலேட்டில் பிடித்து எழுதப் பழக்கிய கை, எனக்குத் தெரியாமல் போகுமா. என் அக்காதான் செய்தாள், அந்தப் பையன்மேல் தப்பில்லை, அவனுக்கு நியாயம் செய்யுங்கள் என்று எழுதியிருக்கிறது. படித்தேன். இரண்டு தடவை படித்துவிட்டேன்.

மேலே நான் சொன்னது அத்தனையும் உண்மை, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் இந்தக் கடிதத்தை என் தம்பி தானாக எழுதியிருக்கமாட்டான். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து எழுதவைத்திருக்கிறார்கள். அது யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயரை மட்டும் சொல்லுங்கள், போதும்.