ரெமிக்கு நான் போட்ட ஊசிகள்

பூனைக்கு மீன் அவிக்கும்போது உப்புப் போடக்கூடாது, டொக்டர். உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனால் நிறையப் பேருக்குத் தெரியாது. திரளி மீன் என்றால் தலையை எடுத்துவிட்டு, தண்ணீர் கொதித்த பிறகு போட்டு, முள் தானாகக் கழன்றுவரும்வரை விடவேண்டும். பிறகு விரலால் உதிர்த்து, ஆறவைத்து, கையில் வைத்தே நீட்டவேண்டும். ரெமி கடைசி மூன்று மாதமும் என் கையிலிருந்துதான் சாப்பிட்டான். பிளேட்டில் வைத்தால் மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

இருங்கள், அந்த யன்னலைக் கொளுவிவிட்டு வருகிறேன். ஆடி மாதத்துக் கச்சான் காற்றுக்கு ஒரு இடத்தில் இருக்க முடிவதில்லை. சாத்தினால் வேர்க்கிறது, திறந்தால் வீடு முழுக்கப் புழுதி. காலையிலிருந்து இந்தக் கூடத்தை மூன்று தரம் கூட்டிவிட்டேன்.

டினுஷா வாவிக்கரைக்கு நடக்கப் போயிருக்கிறாள். நான்தான் அனுப்பினேன், அறைக்குள்ளேயே கிடக்கிறாள் என்று. ஐந்து மணிக்கு வந்துவிடுவாள். இப்போது நான்கு பத்து. நீங்கள் கேட்க வந்ததை அதற்குள் பேசி முடித்துவிடலாம். தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கள்.

ரெமியின் பிடரி மயிரைப் பற்றிக் கேட்டீர்கள். செத்த பூனையை உங்களிடம் கொண்டுவந்தபோது கழுத்துக்குப் பின்னால் மயிர் கட்டிகட்டியாக ஒட்டியிருந்தது, மருந்து மணந்தது, அது எப்படி என்று கேட்டீர்கள். கவனமான ஆள் நீங்கள். எனக்குக் கவனமான ஆட்களைப் பிடிக்கும். முப்பத்தொரு வருடம் இந்தப் புளியந்தீவில் மனையியல் படிப்பித்தவள் நான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவைக்கிற விதத்திலேயே ஒரு பிள்ளை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுவேன்.

டினுஷா என் தங்கையின் மகள். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது தங்கை செத்துப்போய்விட்டாள். தகப்பன் அதற்கும் முன்பே வேறு குடும்பம் தேடிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், அதுவும் கலியாணம் கட்டுகிற பெண்ணுக்கு. தங்கைக்கு முதலில் வரன் வந்தது, இந்த வீட்டை அவளுக்குச் சீதனமாக எழுதினார்கள். எனக்கு வரன் வரவில்லை, ஆகவே வீடும் வரவில்லை. பின்னறையில் இருந்தேன். இப்போது வீடு டினுஷாவுடையது, நான் இப்போதும் பின்னறையில்தான் இருக்கிறேன். வீட்டுக்காக எதையும் செய்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். “பெரியம்மா, நீங்க சாகுமட்டும் இது உங்கட வீடுதான்” என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள்.

அதைச் சொன்ன அன்றுதான் இங்கிலாந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதத்தைக் காட்டினாள். தாதி வேலை. ஆங்கிலப் பரீட்சை எழுதியதையே எனக்குச் சொல்லவில்லை. நான் என்ன சொல்லியிருப்பேன்? சந்தோஷம் என்றேன். அன்று பின்னேரம் மூன்று தேங்காய் துருவினேன், சமைக்க ஒன்றும் இல்லாமலே.

அதே கிழமையில்தான் ரெமி தண்ணீர்ச் சட்டியை விட்டு நகராமல் குடிக்கத் தொடங்கினான். மெலிந்தான். மீனை வைத்தால் திரும்பிப் படுத்தான். உங்களிடம் கொண்டுவந்தோம், நீங்கள் நீரிழிவு என்றீர்கள். டினுஷா உங்கள் மேசைக்கு முன்னால் நின்று அழுதது நினைவிருக்கும். நீங்கள் நல்ல வார்த்தையும் சொன்னீர்கள். ஆரம்பத்திலேயே ஒழுங்காக ஊசி போட்டால் சில பூனைகளுக்கு இந்த வருத்தம் மாறியே போய்விடும், பிறகு ஊசியே தேவைப்படாது என்றீர்கள். டினுஷாவுக்கு முகம் தெளிந்தது. நானும் கவனமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொன்னீர்கள். சாப்பிடாவிட்டால் முழு ஊசி போடவே கூடாது, சீனி ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்து என்று. அதை நான் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். இப்போதும் இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

ஊசி போடும் வேலை என்னிடம் வந்தது எப்படி என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு நூறு பேருக்கு ஊசி ஏற்றுகிறவள், ரெமியைப் பிடித்தால் கை நடுங்கும். “என்னால ஏலா பெரியம்மா, அவன் என்னப் பாக்கிறான்” என்பாள். ஆகவே காலை ஏழுக்கும் பின்னேரம் ஏழுக்கும் நான் போட்டேன். காதில் குத்தி இரத்தச் சீனி பார்ப்பது மட்டும் அவள் வேலை. அதற்கே கண்ணை மூடிக்கொள்வாள்.

முதல் தரம் நடந்தது தற்செயல், டொக்டர். அதை நம்பவேண்டும். பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்துக் குத்தினேன். ஊசி மடிப்பின் மறுபக்கத்தால் வெளியே வந்து, மருந்து முழுக்க மயிருக்குள் போய்விட்டது. விரல் ஈரமானது, ஆஸ்பத்திரி மணம் மணந்தது. சொன்னால் டினுஷா பயப்படுவாள் என்று சொல்லவில்லை. அன்று சீனி இறங்கவில்லை. அவள் ரெமியை மடியில் வைத்துக்கொண்டு, “இவன் சுகமாகுமட்டும் நான் எங்கயும் போகமாட்டன். இங்கிலாந்துக்குத் தவணை கேட்டு எழுதப் போறன்” என்றாள்.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அன்று ஒழுங்காகச் சாப்பிட்டேன், நன்றாக நித்திரை கொண்டேன். பல கிழமைகளுக்குப் பிறகு அன்றுதான் காலும் கையும் சும்மா இருந்தன. அடுத்த நாள் காலையில் ஊசியை எடுத்தேன், தோலைத் தூக்கினேன், மறுபக்கத்தால் விட்டேன். அது தற்செயல் அல்ல.

சீனி இறங்கவில்லை என்று நீங்கள் அளவைக் கூட்டினீர்கள். ஒரு யுனிற்றை இரண்டாக்கினீர்கள், இரண்டை மூன்றாக்கினீர்கள். உங்களில் பிழை இல்லை. இலக்கங்களைப் பார்த்து எந்த டொக்டரும் அதைத்தான் செய்திருப்பார். இடைக்கிடை நான் ஒழுங்காகவும் போட்டேன், ஆனால் ஒரு யுனிற் மட்டும். அவன் சாகக்கூடாது அல்லவா? வருத்தமாக இருக்கவேண்டும், சாகக்கூடாது. அது இலேசான வேலை என்று நினைக்கவேண்டாம். சாப்பிடாத பூனையை அந்த நிலையில் மூன்று மாதம் வைத்திருப்பதென்றால் பார்த்துப் பார்த்துச் செய்யவேண்டும். திரளி வேண்டாம் என்றால் மணலை மீனை அவித்தேன். அதுவும் வேண்டாம் என்றால் கூனி இறாலை வறுத்து இடித்துத் தூவினேன். என்னைவிட நன்றாக அவனை ஒருவரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஒரு நாள் மட்டும் என் கை பிழைத்தது. மயிருக்குள் விட நினைத்த மூன்று யுனிற்றும் தோலுக்குள் போய்விட்டது. ஒரு மணித்தியாலத்தில் ரெமி தள்ளாடினான், சுவரில் முட்டினான், பின்னங்கால் இழுத்தது. தேனைத் தொட்டுப் பல் முரசில் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தப்பிவிட்டான். டினுஷா வேலை முடிந்து வருமுன் அவனைத் துடைத்துப் படுக்க வைத்துவிட்டேன். உங்களிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அளவைக் குறைத்திருப்பீர்கள். நீங்கள் அடுத்த முறை ஐந்து என்று எழுதியபோது நான் மருந்துக் கார்ட்டை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வாசல் கேற் சத்தமா? இல்லை, காற்று. இந்தக் கேற்றுக்குக் கொளுக்கி பிடிப்பதில்லை. பக்கத்து வீட்டு அன்ரோவிடம் நான்கு தரம் சொல்லிவிட்டேன், வந்து பார்க்கிறேன் என்கிறான்.

போன மாதம் டினுஷா என் கட்டிலில் வந்து உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டாள். சின்னப்பிள்ளையில் செய்வது போல. பிறகு சொன்னாள், “பெரியம்மா, நான் யோசிச்சுப் பாத்தன். ரெமிய நீங்க என்னைவிட வடிவாப் பாக்கிறீங்க. உங்கட கையால மட்டுந்தான் சாப்பிடுறான். இனி நான் போகலாம் என்ன?” கடைசித் தவணை இந்த மாதம் முப்பதாம் திகதி, அதற்கு மேல் இடத்தை வைத்திருக்கமாட்டார்களாம்.

என் நிலையை யோசித்துப் பாருங்கள். நான் நன்றாகப் பார்த்ததாலேயே அவள் போகப் போகிறாள். எனக்கு ஆத்திரம் வந்தது. அவளில் அல்ல, அந்தப் பூனையில். மூன்று மாதம் என் கையிலிருந்து தின்றுவிட்டு, கடைசியில் அவளுக்கு வழியைத் திறந்துவிட்டது.

“போகலாம் மகள், ஆனா நீயும் ஒருக்கா ஊசி போட்டுப் பழகு. எனக்கொரு வருத்தம் வந்தா ஆரு போடுற?” என்று சொன்னேன். அது நியாயமான பேச்சுத்தானே? அவளும் ஓம் என்றாள். கையைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும், அங்கே போய் நடுங்கிக்கொண்டு நிற்க முடியாது என்று சிரித்தாள்.

போன சனிக்கிழமை நான் வெல்லாவெளிக்குப் போனேன். என்னோடு படிப்பித்த ஆச்சிப்பிள்ளை ரீச்சர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார், பார்க்கவேண்டும் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. டினுஷாவுக்கு வெள்ளி இரவு வேலை, சனி காலை ஏழு மணிக்குக் களைத்து விழுந்து வருவாள் என்பது எனக்குத் தெரியும்.

விடிய எழும்பி மீன் அவித்து ரெமிக்கு நீட்டினேன். மூக்கைக் கூடக் கிட்டக் கொண்டுவரவில்லை. முதல் நாள் பின்னேரமும் அவன் சாப்பிடவில்லை. உதிர்த்த மீனை மதிலில் வைத்தேன், காகம் தின்றுவிட்டது. பிளேட்டைக் கழுவவில்லை, மீன் தண்ணீர் ஒட்டியபடியே அவன் பக்கத்தில் வைத்துவிட்டு ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

ஏழேகாலுக்கு டினுஷா எனக்கு ஃபோன் எடுத்தாள். முதலில் கேட்டது அதைத்தான். நல்ல தாதி அவள், டொக்டர்.

“பெரியம்மா, ரெமி சாப்பிட்டானா?”

“ஓம் மகள். கையில வைச்சுக் குடுத்தன், பிளேட்டைப் பார், ஒண்டும் மிச்சமில்ல.”

“அப்ப ஐந்தும் போடட்டா?”

“கார்ட்டில உள்ளதப் போடு. தோலுக்குள்ள போகுதா எண்டு வடிவாப் பாத்துப் போடு.”

போட்டுவிட்டு நித்திரைக்குப் போயிருக்கிறாள். பதினொரு மணிக்கு எழும்பிப் பார்த்தபோது ரெமி குளியலறை வாசலில் விறைத்துக் கிடந்திருக்கிறான். எனக்குப் பதினான்கு தரம் எடுத்தாள். ஃபோன் மடியில்தான் இருந்தது. ஆச்சிப்பிள்ளை ரீச்சர்கூட, “ஆரோ எடுக்கிறாங்க, பாருங்களன்” என்றார். கம்பனி விளம்பரம் என்று சொன்னேன். அவருக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன், நாரெல்லாம் எடுத்து.

வீட்டுக்கு வந்தபோது அவள் ஊசிக் குழாயைக் கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று கிழமையாக அதே ஐந்து, சாப்பிட்டும் இருக்கிறான், அப்படியென்றால் தூக்கக் கலக்கத்தில் தானே அளவுக்கு அதிகமாக மருந்தை இழுத்திருக்கவேண்டும் என்று அவளே கணக்குப் பார்த்துச் சொன்னாள். நான் அப்படிச் சொல்லவில்லை. அவள் அழ அழத் தலையைத் தடவிக்கொடுத்தேன், அவ்வளவுதான். மூன்று நாளாக ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. “ஒரு பூனைக்கு ஒழுங்கா ஊசி போடத் தெரியா, நான் அங்க போய் ஆரைக் கொல்லப் போறன்” என்கிறாள். இங்கிலாந்துக் கடிதத்தைக் கிழிக்கப் பார்த்தாள். நான்தான் வாங்கி வைத்தேன், அவசரப்படாதே என்று.

ரெமியில் எனக்கு அன்பு இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. அவன் தாங்கொணா வேதனைப்பட்டான் என்பதும் தெரியும், நான் ஒரு தரம் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் தேனோடு ஒருவர் இருந்திருந்தால் பிழைத்திருப்பான். அதனால்தான் நான் வெல்லாவெளிக்குப் போனேன். இங்கே இருந்திருந்தால் தேனை எடுத்திருப்பேன். என் மனம் எனக்குத் தெரியும்.

ஏன் எழும்புகிறீர்கள்? இருங்கள், இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.

அவளிடம் நீங்களே சொல்லப்போவதாகச் சொல்கிறீர்கள். சொல்லலாம், உங்களை யார் தடுப்பது? ஆனால் கார்ட்டில் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று எழுதியிருப்பது உங்கள் கை. ஊசியை ஏற்றியது டினுஷாவின் கை. என் பெயர் அதில் எங்கேயும் இல்லை. நீங்கள் பழியிலிருந்து தப்பப் பார்க்கிறீர்கள் என்றுதான் அவள் நினைப்பாள். பாவம், உங்களில் அவளுக்கு நல்ல மதிப்பு, அது கெட்டுப்போகவேண்டாம்.

நானும் மறைக்கப்போவதில்லை, டொக்டர். எல்லாவற்றையும் நானே அவளிடம் சொல்லுவேன். மீனைச் சொல்லுவேன், பிளேட்டைச் சொல்லுவேன், ஃபோனையும் சொல்லுவேன். இன்று இருபத்திரண்டு. முப்பதாம் திகதி போகட்டும். அது போய் அடுத்த நாள் காலை, அவள் தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு, உட்காரவைத்து நிதானமாகச் சொல்லுவேன். இப்படி ஒரு பொய்யை வைத்துக்கொண்டு காலமெல்லாம் அவளோடு ஒரே வீட்டில் இருக்க என்னால் முடியாது.