ஏழுக்கு ஏற்ற முகம்

என் பெயர் விஸ்லே ஒனொரே. வயது இருபத்தாறு. மொன்றியாலில், கெர்தா அக்காவின் கணவர் ஒனெல் மச்சானோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அம்மாவுக்குக் கண் சரியில்லை. நான் பேசப் பேச இந்த போன் எழுதுவதை, அங்கே நம் ஊர் கொனாயிவில் யாராவது வாசித்துத்தான் காட்ட வேண்டும். அது பக்கத்து வீட்டுக்காரராகக்கூட இருக்கலாம். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

இந்த ஊரில் வாடகைக்கு இருப்பவர்கள் ஜூலை முதல் தேதியன்று மொத்தமாக வீடு மாறுவார்கள். ஊரே தன் பிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கும். மாடிப்படி வீட்டுக்கு வெளியே இருக்கும். கொத்தனார் குடித்துவிட்டுக் கட்டியது போல வளைந்து வளைந்து போகும். எங்கள் பிழைப்பு அந்தப் படிகளில்தான். லாரி மச்சானுடையது, ஆட்கள் நாங்கள் இரண்டு பேர். சாமானுக்கு அடியில் ஒரு பட்டையைக் கொடுத்து, ஆளுக்கொரு முனையைத் தோளில் மாட்டிக்கொள்வோம். மேலே நிற்பவன் வாய், கீழே நிற்பவன் முதுகு என்று தொழிலில் ஒரு பேச்சு உண்டு. மேலே இருப்பவர் படி சொல்வார், கீழே இருப்பவன் பாரம் வாங்குவான். மச்சான் எப்போதும் வாய்.

முதுகாக இருந்து இருந்து எனக்குக் குடல் இறங்கிவிட்டது. அடிவயிற்றில், சொல்லக் கூச்சப்படும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, எலுமிச்சம்பழம் போல ஒரு புடைப்பு. ஆஸ்பத்திரியில் அறுத்து, உள்ளே ஒரு வலையை வைத்துத் தைத்தார்கள். தையல் நன்றாகவே ஆறியது. வலிதான் குடியேறிவிட்டது. எனக்கு இந்த நாட்டில் காகிதம் வருவதற்குள் அதற்கு நிரந்தரக் குடியுரிமை கிடைத்துவிட்டது. தும்மினால் பழுக்கக் காய்ச்சிய கம்பியைச் சொருகியது போல இருக்கும். உள்ளாடை உரசினால் எரியும். சிரித்தாலும் வலிக்கும். அதனால் பெரிய நஷ்டமில்லை, சிரிக்க அதிகம் இருக்கவில்லை.

டாக்டரிடம் போனேன். அம்மா பழக்கிவிட்டபடி இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, முகத்தில் மரியாதை. அவர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார். எல்லாம் சுத்தம் என்றார். வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டார். ஏழு என்றேன்.

"ஏழுன்னா இப்படி உக்காந்து பேச முடியாதே தம்பி. உங்க மூஞ்சி ரெண்டு மாதிரி இருக்கு."

ஏழுக்கு ஏற்ற முகம் எது என்று எனக்குத் தெரியாது. நாம் டாக்டர் முன்னால் ஓலமிட்டு வளர்ந்தவர்கள் இல்லையே.

சபையில் எனக்காக ஜெபம் செய்தார்கள். சகோதரி மரிலூஸ் கையை நீட்டிக்கொண்டு வந்து, "எங்க தம்பி வலிக்குது?" என்றார். காட்டினேன். நீட்டிய கை பாதி வழியில் நின்று, யோசித்து, என் தலைமேல் வந்து உட்கார்ந்தது. "இங்கேருந்து ஆண்டவர் கீழ இறக்கிக்குவாரு" என்றார். பின்வரிசையில் மச்சான் இருமுவது போலச் சிரித்தது எனக்குக் கேட்டது.

லாரியில் ஏறினால் தினம் ஒரே கேள்விதான்.

"வலை போட்டு இத்தனை மாசமாச்சு. ஒரு மீனாச்சும் மாட்டுச்சா மாப்ளே?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா ஊரிலிருந்து போனில், "கனடா காத்து பட்டதும் உடம்பு சொகுசு கேக்குதோ? அவர்தான் பாவம், உன் பங்கையும் சேத்துத் தூக்குறாரு" என்றாள். அம்மா, நீங்களும் பின்னால் சிரித்தீர்கள். எனக்குக் கோபம் வரவில்லை. சொல்லிப் புரியாத விஷயத்தைப் பட்டுத்தானே புரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

மச்சான் நல்லவர், அதை மறைக்க மாட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு என்னை மேலே நிறுத்தினார். "இனிமே நீ வாயா இரு. அதுக்காச்சும் லாயக்கான்னு பாப்போம்." அவர் முதுகானார். நான் பட்டையில் என் முனையைக் கொஞ்சம் தளர்த்திக் கட்ட ஆரம்பித்தேன். தளர்ந்த பக்கத்தில் பாரம் தங்காது, முழுக்கக் கீழே போகும்.

"என்னடா இது, போன வாரத்து பிரிட்ஜவிட கனக்குது?"

"வயசாகுது மச்சான்."

பனி கொட்ட ஆரம்பிக்கும்முன் அவருக்கும் எலுமிச்சம்பழம் வந்தது. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர். நம் வீட்டில் புத்தாண்டுக்கு வைக்கும் பூசணி சூப்பை நான் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை வைத்துக் கொண்டுபோனேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் வாயால் ஒரு எண் வர வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

"எத்தனை மச்சான்?"

"எது?"

"வலி. பத்துக்கு."

கரண்டியை நக்கிக்கொண்டே யோசித்தார். "ஒண்ணரை. சூப்ல உப்பு கம்மி, அதையும் சேத்தா ரெண்டு."

கொஞ்ச நாளில் ஒரு ஞானஸ்நான விருந்தில் இடுப்பைச் சுழற்றி ஆடினார். ஆடி முடித்து, பொரித்த வாழைக்காயை மென்றுகொண்டே எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அதே டாக்டர், அதே கத்தி, அதே வலை. எனக்கு ஒண்ணுமில்ல. கோளாறு வலைல இல்லய்யா, இவன் மண்டைல." கூடமே சிரித்தது. அதுவரை என்னைச் சும்மா நம்பாமல் இருந்தவர்கள், அன்றிலிருந்து ஆதாரத்தோடு நம்பாமல் இருந்தார்கள்.

அடுத்த ஜூலை முதல் தேதி நல்ல வெயில். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பழைய இரும்பு அடுப்பு. வீட்டுக்காரம்மா பால்கனியில் நின்று, "பாத்துப்பா, அது என் மாமியாரோடது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மச்சான் கீழே, நான் மேலே. வளைவில் ஒரு நொடி நின்றோம். அவர் வியர்வை வழிய அண்ணாந்து பார்த்தார்.

"என்ன மாப்ளே, வலிக்குதா?"

வலித்தது. அன்றைக்கு எட்டு. நான் பட்டையைத் தோளிலிருந்து கழற்றினேன், வீட்டுக்குள் வந்ததும் தொப்பியைக் கழற்றுவது போல. ஒரு கை மட்டும் கொஞ்ச நேரம் அடுப்பின் மேல் இருந்தது. பிறகு அதையும் எடுத்தேன். அடுப்பு தன் வழியில் இறங்கியது. வழியில் மச்சான் இருந்தார். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. வீட்டுக்காரம்மா அடுப்புக்காக அழுதார். பட்டை வழுக்கிவிட்டது என்று சொன்னேன். நான் சொல்லி இந்த ஊரில் எல்லோரும் உடனே நம்பியது அது ஒன்றைத்தான்.

இப்போது அவருக்கு எலும்பு கூடிவிட்டது. படம் சுத்தம் என்கிறார்கள். ஆனால் மச்சானால் ஒரு பக்கமாகத்தான் உட்கார முடிகிறது. சாக்ஸை நான்தான் போட்டுவிடுகிறேன். காலையில் எத்தனை என்று கேட்பேன். எட்டு என்பார். அந்த நிமிடமே நம்பிவிடுவேன். அவரை நம்புவதற்கு இங்கே வேறு யாரும் இல்லை. எங்களுக்குள் இவ்வளவு ஒட்டுதல் முன்பு இருந்ததே இல்லை.

போன வாரம் மச்சான் கையிலிருந்த போன் ஸ்பீக்கரில் அக்கா, "எலும்பு கூடிடுச்சாமே, இன்னும் ஏன் வேலைக்குப் போகல? நடிக்கிறாரா மனுஷன்?" என்று கேட்டாள். அவர் போனை என்னிடம் கொடுத்தார். வைத்த பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டை வழுக்கலடா. நீ கழட்டினே. நான் பாத்தேன்."

நான் அவருடைய மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.

"ஞாயித்துக்கிழம கெர்தாகிட்ட சொல்லிடுவேன்" என்றார்.

இன்று சனிக்கிழமை. அதனால்தான் முந்திக்கொண்டு சொல்கிறேன். இதை வாசிப்பவர் யாராக இருந்தாலும் அக்காவிடம் ஒன்று சொல்லுங்கள். வலிக்கிறது என்று மச்சான் சொன்னால் தயவுசெய்து நம்பட்டும், நான் கூடவே இருந்து பார்க்கிறேன், அதில் பொய்யில்லை. நான் தள்ளிவிட்டேன் என்று அவர் சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம். நான் தள்ளவில்லை. கையை எடுத்தேன், அவ்வளவுதான்.