வெள்ளிக்கிழமை அணைக்காத சர்வர்

கடையநல்லூர் பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு தடித்த ஆள் இருந்தார். பக்கத்தில் லேப்டாப் பையோடு ஒரு ஒல்லி ஆள். அடுத்து கண்டக்டர். பின் சீட்டில் நான். பஸ் சங்கரன்கோவில் ஸ்டாண்டை விட்டு இன்னும் கிளம்பவில்லை. முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் ஒரே காலேஜில், கம்ப்யூட்டர் லேபில் வேலை போல.

தடித்தவர் போனில் பேசி முடித்து ஒல்லி ஆள் பக்கம் திரும்பினார்.

"பழைய சர்வரை ஏன் வே அணைக்கல?"

"நேத்து வெள்ளிக்கிழமைல்லா அண்ணாச்சி. ஓடுதத எப்படி அணைக்க?"

"குத்துவிளக்குன்னு நெனச்சீரோ?"

"லேப் கம்ப்யூட்டருக்கெல்லாம் விண்டோஸ் ஏத்துத வேலையப் பூரா புது சர்வருக்கு மாத்திட்டேன். பழசு சும்மாதான கெடக்குன்னு விட்டுட்டேன்."

"அது எங்க சும்மா கெடந்துச்சு? ராத்திரி லேப் கம்ப்யூட்டரெல்லாம் புது விண்டோஸ் ஏத்தச் சொல்லிக் கேட்டிருக்கு. ரெண்டு சர்வரும் பதில் சொல்லிருக்கு. உம்ம பழசு முந்திக்கிட்டு பழைய விண்டோஸையே ஏத்திட்டு."

"அதுல திங்கக்கிழமை பரீட்சை சாப்ட்வேர் ஓடாதே."

"ஓடாது. இன்னைக்கு சனிக்கிழமை. இன்னைக்காவது அணைக்கலாமா, இல்ல சனீஸ்வரன் கோவிச்சுக்கிடுவாரா?"

ஒல்லி ஆள் லேபுக்கே திரும்பிப் போகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"எத்தனை கம்ப்யூட்டர்ல வே திரும்ப ஏத்தணும்?" என்றார் தடித்தவர்.

ஒல்லி ஆள் படியில் இறங்கிக்கொண்டே சொன்னார்.

"நாப்பத்திரெண்டு."