ஏழாம் படுக்கையின் டிரேஸ்

இரவு ஒன்றே முக்கால்... பெஹாலாவில் பெரிய ரோட்டை விட்டு உள்ளே போகும் ஒரு சந்து. மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கணுக்கால் அளவு தண்ணீர். சாக்கடை நாற்றம். ஒரு நர்சிங் ஹோம் வாசலில், துண்டில் சுற்றிய பெட்டி ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு டாக்சிக்காக நின்றிருந்தான் ஜெயபிரகாஷ்.

தெரியாதவன் இல்லை. நம் ராஜத்தின் நாத்தனார் பிள்ளை. "எங்க ஜெயபிரகாஷ் கம்ப்யூட்டருக்கே டாக்டர்" என்று பூஜைப் பந்தலில் பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வாளே, அவனேதான். இதை மட்டும் வெளியே விடக் கூடாது என்று ராஜம் என் கையைப் பிடித்துச் சொன்னாள். அதனால்தான் உங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்...

அந்தப் பெட்டி ஒரு மானிட்டர். நோயாளியின் தலைமாட்டில் பீப் பீப் என்று நாடியைக் காட்டுமே, அது. நர்சைக் கூப்பிடும் மணியும் அதோடுதான் இணைந்திருக்கும். உள்ளே ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டம் ஜெயபிரகாஷின் கம்பெனி செய்தது. முந்தின இரவு இரண்டு பத்துக்கு, ஏழாம் படுக்கையில் அது அப்படியே நின்றுபோனது. விடிவதற்குள் படுக்கையில் இருந்தவரும்.

டாக்சியில் ஏறியதுமே மேலாளர் ரஞ்சன்தா போனில். "ஜெய், காலைல ஒன்பதுக்கு ரிப்போர்ட் வேணும். நம்ம தப்பு இல்லைன்னு வந்தா நல்லது. புஜ்லே தோ?" புரியாமல் என்ன.

லேக் கார்டன்ஸில் மூன்றாம் மாடி. மனைவி பூர்ணிமா தூங்கிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேஜையில் பெட்டியை லேப்டாப்போடு இணைத்தான்.

இந்த சிஸ்டங்கள் சாகும்போது ஒரு மரண வாக்குமூலம் தரும். டிரேஸ் என்பார்கள். கடைசியாகச் செய்த வேலை மேலே, அதற்கு முந்தினது அதன் கீழே என்று வரிவரியாக. எல்லாம் வெறும் எண்கள். அவற்றை மனிதர் படிக்கும் பெயர்களாக மாற்றுவதுதான் ஜெயபிரகாஷின் பிழைப்பு. நோயாளியின் பெயர், போன் நம்பர் ஏதாவது அதில் ஒட்டிக்கொண்டு வந்தால் நட்சத்திரம் போட்டு மறைப்பதும் அவனுடைய வேலையே. மறைக்காமல் யாரும் பார்க்கக் கூடாது. விதி எழுதியவனும் அவன்தான்.

அன்று அவசரம். நட்சத்திரங்களை எடுத்துவிட்டான்.

வைத்தியநாதன். வயது எழுபத்திரண்டு. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நம்மவர்தான். பெயருக்கு மேலே... மணி அழுத்தப்பட்டது. அதன் மேலே, மணி அழுத்தப்பட்டது. அதன் மேலும். நாற்பத்தொரு முறை.

மணியை விடாமல் அழுத்தினால், முதல் அழுத்தல் முடிவதற்குள் அடுத்தது அதன் தலையில் ஏறி, இடம் தீர்ந்து சிஸ்டம் விழும். அந்தப் பிழை ஜெயபிரகாஷுக்கு மார்ச் மாதமே தெரியும். "எவன் நாற்பது தடவை அழுத்தப் போறான்?" என்று அடுத்த வெளியீட்டுக்குத் தள்ளிவைத்தவன் அவன். உயிருக்குப் பயந்தவன் அழுத்துவான் என்று தோன்றவில்லை, பாவம்.

உண்மையை எழுதினால் வேலை போகும். ஜெயிலும் உண்டோ என்னவோ. யோசித்தான்... பிறகு நாற்பத்தொரு வரிகளையும் நோயாளியின் அந்தரங்கத் தகவல் என்று குறித்தான். எல்லாம் நட்சத்திரம் ஆயின. ரிப்போர்ட்டில் 'மின்சாரத் தடுமாற்றம்' என்று எழுதி அனுப்பினான். காலையில் பெட்டியின் பேட்டரியைக் கழற்றி, ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

அன்றிரவு இரண்டு பத்து. லேப்டாப்பில் டிங்... ஒரு டிரேஸ் வந்திருந்தது. அதே பெட்டியிலிருந்து.

நட்சத்திரத்தை நீக்கிப் பார்த்தான். அதே நாற்பத்தொரு மணி. அதற்கு மேலே புதிதாக ஒரு வரி. 'படுக்கையை விட்டு இறங்கு.' அப்படி ஒரு வேலையை அந்த சிஸ்டத்துக்கு யாரும் எழுதவில்லை. விடியும்வரை தேடினான். இல்லை.

மறுநாள் இரவு இரண்டு பத்து. மேலே இன்னொரு வரி. 'டைமண்ட் ஹார்பர் ரோடு.'

அதற்கு மறுநாள், 'நியூ அலிப்பூர்.'

பிறகு, 'டாலிகஞ்ச்.'

ஐந்தாம் இரவு... 'லேக் கார்டன்ஸ் ஸ்டேஷன்.' ஸ்டேஷனிலிருந்து அவன் வீடு ஏழு நிமிட நடை.

மறுநாள் ரஞ்சன்தா கூப்பிட்டார். செத்தவரின் மகள் விடுவதாக இல்லையாம். வெளியிலிருந்து நிபுணர் வருகிறாராம், மறைக்காத டிரேஸ் வேண்டுமாம். ஜெயபிரகாஷ் மத்தியானம் சாப்பிடாமல் உட்கார்ந்து ஒரு காரியம் செய்தான். பழைய டிரேஸ்களின் மறைக்காத மூலப் பிரதிகளை அழித்தான். இனி எந்த டிரேஸ் வந்தாலும் வந்த கணமே முழுக்க நட்சத்திரம். மூலம் தானாக அழியும். அவனே தலைகீழாக நின்றாலும் திருப்பிப் படிக்க முடியாது.

"தாருண், ஜெய்! பிரமாதம்! இதுதான் செக்யூரிட்டி!" என்று முதுகில் தட்டினார் ரஞ்சன்தா.

அன்றிரவு இரண்டு பத்து. டிங்...

திரை முழுக்க நட்சத்திரம். எண்ணினான். ஒரு வரி கூடியிருந்தது. ஸ்டேஷனைத் தாண்டி எங்கே? தெரியாது. தெரியாமல் பண்ணிவைத்தது அவன்தானே.

அடுத்த இரவு இன்னொரு வரி. சந்து முனையா, கீழே வாசல் கேட்டா, மாடிப்படியா... எல்லாம் ஒரே நட்சத்திரம்.

"ஏங்க, மூஞ்சியக் கண்ணாடில பாத்தீங்களா? ஆபீஸ்ல என்ன பண்ணித் தொலைச்சீங்க? சொல்லுங்க" என்றாள் பூர்ணிமா.

"ஒண்ணுமில்ல. போய்ப் படு."

அவள் போனதும் அந்த மகளுக்கு ஒரு மெயில் அடித்தான். 'உங்கள் அப்பா நாற்பத்தொரு முறை மணி அடித்தார். விழுந்தது எங்கள் சிஸ்டம். எனக்கு முன்பே தெரியும்.' அனுப்பும் இடத்தில் விரலை வைத்தான்... பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தான்.

இரண்டு பத்து. டிங்.

எண்ணினான். திரும்ப எண்ணினான். விரல் வைத்து மூன்றாம் தடவையும் எண்ணினான். நேற்று எத்தனையோ அத்தனையேதான். புதுவரி இல்லை. அதற்கு மேல் வரவேண்டிய தூரம் எதுவும் இல்லை போல.

சாப்பாட்டு மேஜையை விட்டு அவன் இன்னும் எழுந்திருக்கவில்லை. படுக்கையறையிலிருந்து பூர்ணிமாவின் குரல் கேட்டது. தூக்கக் கலக்கம், ஆனால் ரொம்பக் கரிசனம்.

"என்னங்க... படுத்ததுலேந்து ஏன் இப்படி மூச்சு இழுக்குது உங்களுக்கு? தண்ணி கொண்டாரட்டுமா?"