வர்ஷினியின் கல்யாணப் பத்திரிகை

மெயிலைத் திறப்பதற்கு முன்னால் யார் அனுப்பியது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது சார். உங்கள் ஸ்டேஷன் கம்ப்யூட்டரைப் பார்த்தால் அந்தப் பழக்கம் இங்கே யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. போகட்டும்.

கணபதி ஏரியாவில் பம்ப் செய்கிற கம்பெனி எங்களுடையது. அங்கே கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பு. போன ஆடியில் கணக்குப் பிரிவு கந்தப்பன் ஏதோ ஒரு மெயிலைத் திறக்க, வைரஸ் புகுந்து பம்ப் டிராயிங்குகள் மொத்தமும் பூட்டிக்கொண்டன. திறந்தவர் அவர், திட்டு வாங்கியது நான். முதலாளி எல்லோர் முன்னாலும், "கிருபாசங்கர், நீங்க எதுக்குங்க இங்க ஒக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். அது இன்னும் உள்ளே குத்துகிறது.

அதன் பிறகு கந்தப்பனுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். தெரிந்தவர் பெயரில் வந்தாலும் திறக்காதீர்கள், அனுப்பியவரிடமே போன் போட்டுக் கேளுங்கள் என்றேன். மனிதர் சிரித்தார்.

"நல்ல காரியத்துக்குக் கூப்பிடறவங்களச் சந்தேகப்பட முடியுங்களா தம்பி? பத்திரிகை வெச்சாப் பிரிச்சுப் பாக்கறதுதானுங்க மரியாதை."

வெள்ளிக்கிழமை ஆபீஸில் எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது. என் மகள் வர்ஷினியின் கல்யாணப் பத்திரிகை. வர்ஷினிக்கு இன்னும் மாப்பிள்ளையே பார்க்கவில்லை. மற்றவர்கள் என்னிடம் கேட்டுவிட்டு அழித்தார்கள். கந்தப்பன் மட்டும் திறந்தார். திறந்துவிட்டு, முகமெல்லாம் பல்லாக என் அறைக்கு வந்தார்.

"நம்ம வர்ஷினிக்குக் கண்ணாலமுங்களா தம்பி? ஊட்டுக்காரிக்கும் போன் பண்ணிச் சொல்லிப்போட்டேனுங்க."

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் நிதானம் தப்பவில்லை. கதவைச் சாத்தினேன். சாம்பிளுக்கு வைத்திருந்த பம்ப் ஷாஃப்டை, கனமான இரும்புத் தண்டு அது, எடுத்தேன். முதலில் அவருடைய வலது கையை மேஜையோடு அழுத்திப் பிடித்து விரல்களை நசுக்கினேன். மெயிலைத் திறந்த விரல்கள்தானே. "தம்பி, நான் என்ன தப்புங்க பண்ணுனேன்?" என்று அழுதார். அதுகூடத் தெரியவில்லை என்றால் அந்த மண்டையில் இனி எதுவும் ஏறப்போவதில்லை. அதனால் மண்டையில் அடித்தேன். எலும்பு உடைந்த பிறகும் நிறுத்தவில்லை. அரைகுறையாகச் சுத்தம் செய்தால் வைரஸ் திரும்ப வரும். கீபோர்டில் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்ததால், என் கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்துவிட்டு உங்களுக்குப் போன் செய்தேன்.

அந்த மெயிலை அனுப்பியது நான்தான். மனிதர் திருந்தினாரா என்று பார்க்க வேண்டாமா? நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அதில் வைரஸ் எதுவும் இல்லை. அடுத்தவருக்குக் கெடுதல் செய்கிற புத்தி எனக்கு எப்போதும் கிடையாது சார்.